பைத்தியசாலைப் பதிவேடுகளும் குடும்ப வரலாறும்

நம்முடைய வீடுகளில் மூத்த பெண்மணிகளுக்கு ஒரு தனி ஞாபகசக்தி உண்டு. எழுத்து வாசனையே இல்லாதவராய் இருப்பார். ஆயினும் மாமனார் காலமானது எந்த மாதத்து எந்தத் திதி, சின்னப்பாட்டனார் மோசம்போனது பூர்வபட்சமோ அபரபட்சமோ என்று கேட்டால், பஞ்சாங்கத்தைப் புரட்டாமலே விடை சொல்லிவிடுவார். திவசத்துக்குரிய நாள் தவறிவிடலாகாது என்ற கவலை அந்த ஞாபகத்தை அணையாமல் காத்து வந்திருக்கிறது. அத்தகைய குடும்பம் ஒன்றில் ஒருவருடைய திதி மாத்திரம் எவருக்கும் தெரியாதிருக்குமானால், அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும்.

என் தந்தையாருக்கு ஓர் அத்தையார் இருந்தார். 1927ஆம் ஆண்டிலே, அதாவது பிரபவ வருடத்திலே, ஓர் ஆண்மகவைப் பெற்றுச் சில மாதங்களுள் அவர் காய்ச்சலில் இறந்துபோனார் என்பதே எங்கள் வீட்டில் வழங்கிவந்த செய்தி. அம்மகவு பெரியதாயாரின் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தது. எனக்கு அவர் மாமா முறையானவர். அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெற்று, ஊரிலே வாழ்ந்துவந்தார். சித்திரா பூரணைதோறும் விரதமிருந்து தாயாரை நினைப்பார். ஆனால் தாயாரின் திதியன்று மகன் செய்யவேண்டிய கடனை அவர் ஒருநாளும் செய்ததில்லை. நாள் தெரியாது.

2003ஆம் ஆண்டு, ஏ-9 வீதி திறந்திருந்த காலத்தில், நான் கொழும்புக்குப் புறப்பட்ட ஒரு நாள் அவர் படலையடியில் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து மஞ்சளித்துப்போன தபாலட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். என் பாட்டனாரின் பெட்டகத்தைத் துப்புரவு செய்தபோது அகப்பட்டதாம். அரசாங்க முத்திரையோடு, 1934ஆம் ஆண்டுத் தேதியிட்டு, ஆங்கிலத்தில் இரண்டே வரி: நோயாளியின் தேகநிலை நன்று, மனநிலையில் மாற்றமில்லை. காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர் ஏழு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்திருக்கிறார். "தம்பி, அங்கை கந்தோருகளிலை பழைய பதிவெல்லாம் இருக்குமாம். அம்மாவின்ரை நாளை ஒருக்கால் பாத்துக்கொண்டு வருவியோ?" என்று மாத்திரம் அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியை ஒட்டி நான் படித்தும் தேடியும் அறிந்துகொண்டவையே இன்றைய பேச்சின் பொருள். மனநோய் காரணமாகப் பழைய காலத்துப் பைத்தியசாலைகளில் வைக்கப்பட்ட முன்னோரை ஏடுகளின் வழியே கண்டறிவது எங்ஙனம்? 'பைத்தியசாலை' என்ற சொல் இன்று காதுக்கு இனியதன்று. மருத்துவர்கள் அதனைக் கைவிட்டு நெடுங்காலமாகிறது. எனினும் பழைய ஏடுகளில் உள்ள சொல் அதுவே ஆதலால், தேடுவோர் அதனை ஒதுக்கிவிட முடியாது.

இத்தேடலின் முறையைக் கற்பதற்கு ஏற்ற நாடு இங்கிலாந்து. நம் நாட்டுப் பைத்தியசாலையும் அதற்குரிய சட்டமும் அங்கிருந்தே வந்தன என்பது ஒரு காரணம். அங்கே இவ்விஷயத்தில் எழுதிக் குவிக்கப்பட்ட காகிதத்தின் அளவு மற்றொரு காரணம். அந்தக் காகிதம் எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் தெரிந்துகொண்டால், அதனை எங்கே தேடுவது என்பது பாதி விளங்கிவிடும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே மனநோயாளரை வைத்துப் பராமரிக்கும் தனியார் விடுதிகள் பல இருந்தன. பணம் கொடுத்தால் வேண்டாத மனைவியையும் சொத்துக்குரிய தம்பியையும் அங்கே அடைத்துவிடலாம் என்ற புகார் எழுந்தது. அதனால் 1774ஆம் ஆண்டில், அவ்விடுதிகள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும், பார்வையிடப்படவேண்டும் என்று சட்டம் வந்தது. 1808ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் பொதுச்செலவில் பைத்தியசாலை கட்ட இடமளித்தது. ஆனால் கட்டியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. சில மாவட்டங்கள் கட்டின; பல கட்டவில்லை. யோர்க்ஷயரின் மேற்குப் பகுதிக்குரிய வேக்பீல்ட் பைத்தியசாலை 1818இலும், லண்டனுக்கு மேற்கேயுள்ள ஹன்வெல் பைத்தியசாலை 1831இலும் திறக்கப்பட்டன. 1845ஆம் ஆண்டிலே, பிற்காலத்தில் ஷாப்ட்ஸ்பரிப் பிரபு என்று அறியப்பட்டவரின் முயற்சியால், இரண்டு சட்டங்கள் நிறைவேறின. மாவட்டங்கள் கட்டுவது கட்டாயமாயிற்று. எல்லாவற்றையும் மேற்பார்வை செய்ய ஆணையாளர் சபை ஒன்றும் ஏற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பைத்தியம் எனச் சான்றிதழ் பெற்றிருந்தோர் ஒரு இலட்சம் அளவினர்.

முறையின்றி அடைக்கப்படுவதைத் தடுப்பதற்காகவே சட்டம் எழுந்தது. ஆதலின் அது ஒவ்வொரு படியிலும் எழுத்தைக் கேட்டது. யார் கொண்டுவந்தார், எந்த வைத்தியர் பார்த்தார், யார் கட்டளையிட்டார், என்று வந்தார், எப்படி இருக்கிறார், என்று போனார் என்பவையெல்லாம் ஏட்டில் ஏறவேண்டும். அரசர்க்கும் பிரபுக்களுக்கும் வரலாறு எழுதப்பட்ட காலத்தில், சலவைத்தொழில் செய்த ஓர் ஏழைப் பெண்ணைக் குறித்துப் பத்துப் பக்கம் எழுதப்பட்டிருக்குமானால், அது பெரும்பாலும் அவள் பைத்தியசாலைக்குப் போனதனாலேதான். அவளுடைய அறிவு தெளிந்த தமக்கைக்கு மூன்று வரிகூட மிஞ்சியிராது.

அக்காகிதங்களுள் மிக முக்கியமானது வைத்தியரின் சான்றிதழ். ஏழைகளாயின் ஒரு வைத்தியரின் சான்றும், பணம் செலுத்தும் நோயாளராயின் இருவரின் சான்றும் வேண்டும். அச்சான்றிதழ் இரண்டு பகுதியாக அமைந்திருக்கும். வைத்தியர் தாமே நேரிற் கண்ட அறிகுறிகள் ஒன்று. பிறர் சொல்லக் கேட்டவை மற்றொன்று. இரண்டாவது பகுதியில், சொன்னவரின் பெயரும் எழுதப்படவேண்டும். குடும்ப வரலாறு தேடுவோர் இங்கேதான் திடுக்கிட்டு நிற்பார்கள். சொன்னவர் கணவராக இருப்பார், மாமியாராக இருப்பார், சில வேளைகளில் பிள்ளையாகவும் இருப்பார்.

எல்லோரும் அறிந்த ஒருவரைச் சொல்கிறேன். நகைச்சுவை நடிகர் சார்ளி சப்ளினின் தாயார் ஹன்னா, மேடைப் பாடகியாக இருந்து, குரல் கெட்டு, தையல் வேலை செய்து பிழைத்தவர். 1898ஆம் ஆண்டில் முதன்முறையாகக் கேன் ஹில் என்னும் பைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். சில வாரங்களில் திரும்பி வந்தார். 1903ஆம் ஆண்டில் மறுபடியும் நோய் கண்டது. மூத்த மகன் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். பதினான்கு வயதுச் சார்ளிதான் தாயைக் கையிற் பிடித்து வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றவன். அந்த ஆண்டுச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. பிறர் சொல்லக் கேட்டவை என்ற பகுதியில், சொன்னவர் பெயர் சார்ள்ஸ் சப்ளின், மகன். இறந்துபோனவர்கள் பலரைப் பற்றித் தாய் பேசுவதாகவும், அவர்கள் யன்னல் வழியே பார்ப்பதாக அவள் எண்ணுவதாகவும் அவன் கூறியிருக்கிறான். உலகத்தையே சிரிக்கவைத்தவருடைய வாய்மொழி முதன்முதலாக ஓர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அந்த நாளிலாக இருக்கக்கூடும். ஹன்னா 1905இல் மீண்டும் சேர்க்கப்பட்டுப் பல ஆண்டுகள் மருத்துவமனைகளிற் கழித்தார். 1921இல் மக்கள் அவரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டார்கள். 1928இல் அங்கே இறந்தார்.

சான்றிதழுக்கு அடுத்தபடியாகச் சேர்க்கைப் பதிவேடு. பெயர், வயது, மணநிலை, தொழில், முன்பு வசித்த இடம், செலவைத் தாங்கவேண்டிய ஊர், நோயின் வகை, எத்தனையாவது முறை, வலிப்பு உண்டோ இல்லையோ என்று பத்திபத்தியாக அமைந்திருக்கும். கடைசிப் பத்திகளில் முடிவு: குணமடைந்தார், ஓரளவு தேறினார், தேறவில்லை, இறந்தார் என்னும் நான்கில் ஒன்று. உள்ளே போனவர் திரும்புவதில்லை என்று நாம் எண்ணுவது வழக்கம். ஏடுகள் வேறுவிதமாகக் கூறுகின்றன. கணிசமானோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் வீடு திரும்பினர். சிலர் பலமுறை போய்வந்தனர். குடும்ப வாய்மொழியில் தங்கிநிற்பவர்கள் திரும்பாதவர்களே.

அப்பதிவேட்டிலே 'உத்தேசக் காரணம்' என்று ஒரு பத்தி உண்டு. அதனை வாசிப்பவர் நகைப்பதா இரங்குவதா என்று அறியாது திகைப்பார். மதுபானம், குடும்பத் துயரம், மதாவேசம், வெயிலின் கொடுமை, பிள்ளைப்பேறு என்று என்னென்னவோ எழுதப்பட்டிருக்கும். ஜோன் கிளேயர் என்ற உழவர்குலக் கவிஞர் 1841ஆம் ஆண்டில் நோதம்ப்ரன் நகரத்துப் பைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, 1864இல் அங்கேயே இறந்தார். அவரை அனுப்பிய வைத்தியர் காரணமாகக் குறித்தது, ஆண்டுக்கணக்காகக் கவிபுனைவதிலேயே ஊறிக்கிடந்தமை! இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தப் பத்தியை நான் அச்சத்தோடேயே வாசித்தேன்.

மூன்றாவது, நோயாளர் குறிப்பேடு. சேர்ந்த புதிதில் அடிக்கடியும், பின்னர் சில மாதங்களுக்கு ஒருமுறையும் வைத்தியர் இதில் எழுதவேண்டும். தொடக்கப் பக்கங்களிலே நோயாளி பேசுவது கேட்கும்; அழுவது கேட்கும்; தன் குழந்தை எங்கே என்று அவள் வினாவுவது எழுதப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வரிகள் சுருங்கும். இறுதியில் மாற்றமில்லை, மாற்றமில்லை என்று அதே சொல் பக்கத்தின் அடிவரை இறங்கிச் செல்லும். மாமாவின் தபாலட்டையில் இருந்த சொல்லும் அதுவே. 1850களில் சறே மாவட்டப் பைத்தியசாலையில் ஹியூ டயமண்ட் என்ற வைத்தியர் நோயாளரைப் புகைப்படம் எடுக்கத் தொடங்கினார். பின்பு பல இடங்களில் அப்படங்கள் குறிப்பேட்டிலேயே ஒட்டப்பட்டன. பாட்டியின் பாட்டியாரை முதன்முறையாக முகம் பார்க்கும் பேறு சிலருக்கு அவ்வாறு கிடைத்திருக்கிறது. குடும்பத்தில் அவருடைய வேறு படம் இராது.

இவற்றை எங்கே தேடுவது? முதலிற் பார்க்கவேண்டியது குடிசன மதிப்பு. 1871ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்துக் குடிசன மதிப்பின் படிவத்தில், வீட்டிலுள்ளோர் சித்தசுவாதீனம் அற்றவரோ என்ற வினாவும் சேர்க்கப்பட்டது. ஆனால் பைத்தியசாலைகளின் கணக்கைக் கொடுத்த அதிகாரிகள், நோயாளரின் முழுப்பெயரை எழுதாமல் முதலெழுத்துகளை மாத்திரம் எழுதிய இடங்கள் பல. மானத்தைக் காக்கச் செய்த அந்தத் தயவு இன்று தேடுவோரைத் தடுமாற வைக்கிறது. இரண்டாவது, லண்டனை அடுத்த கியூ என்னுமிடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். ஆணையாளர் சபை 1846ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்கும் வைத்திருந்த நோயாளர் பதிவேடு அங்கே இருக்கிறது. பெயர், சாலை, சேர்ந்த தேதி, வெளியேறிய அல்லது இறந்த தேதி என்ற அளவே அதில் உண்டு. ஆயினும் திறவுகோல் அதுவே. 1912ஆம் ஆண்டு வரையான ஏடுகளைக் கணினி வழியே பெயர் கொண்டு தேடலாம். சாலையின் பெயர் தெரிந்தபின் அந்த மாவட்டத்து ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டும். சான்றிதழும் குறிப்பேடும் பெரும்பாலும் அங்கேதான். ஹன்வெல் ஏடுகள் லண்டன் நகரக் காப்பகத்தில் உள்ளன. வேக்பீல்ட் ஏடுகள் யுனெஸ்கோவின் பிரித்தானிய ஞாபகச் செல்வங்களின் பட்டியலிலேயே இடம்பெற்றுவிட்டன. நோயாளர் ஏடுகளைப் பொதுவாக நூறு ஆண்டு வரை மூடிவைப்பது அங்குள்ள வழக்கம். அதற்குட்பட்டவற்றைப் பார்க்க விரும்பும் நெருங்கிய உறவினர் உறவைச் சான்றுகாட்டி விண்ணப்பிக்கவேண்டும்.

கல்லறை வழியாகவும் தேடலாம் என்று எண்ணுவோர் எப்சம் என்னும் ஊரின் கதையை அறிதல் வேண்டும். லண்டன் மாநகரத்துக்காக அங்கே ஐந்து பெரும் மனநோய் மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவற்றில் இறந்து, உறவினர் எடுத்துச் செல்லாத சுமார் 9,000 பேர் 1899 முதல் 1955 வரை ஹோட்டன் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டனர். 1983இல் அந்த நிலம் ஒரு தனியாருக்கு விற்கப்பட்டது. இன்று அது மரமும் முட்புதரும் மண்டிய ஒரு காடு. தொண்டர் சிலர் ஏடுகளைப் படித்து, அங்கே கிடப்போரின் வாழ்க்கையை ஒருவர் ஒருவராக எழுதி வருகிறார்கள்.

நேயர்களே, இவையெல்லாம் சீமைக் கதைகள், நமக்கு இவற்றோடு என்ன தொடர்பு என்று நினைக்கிறீர்களோ? யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் பிறந்த ஒருவருடைய கோவை இங்கிலாந்துப் பைத்தியசாலை ஏடுகளிடையே இருக்கிறது. அமெரிக்க மிஷன் தனது அச்சகத்தை மானிப்பாயில் அமைத்த காலத்தில், அதற்கு அச்சாளராக வந்தவர் ஈஸ்ட்மன் மைனர். அவருடைய மகன் வில்லியம் செஸ்டர் மைனர் 1834ஆம் ஆண்டிலே பிறந்தார். சிறுவயதிலே தாயை இழந்தார். பதினான்கு வயதளவில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1863இல் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சத்திரவைத்தியராகக் கடமையாற்றினார். பின்பு மனம் பேதலித்தது. இராக்காலத்தில் தளத்தின் கீழிருந்து மனிதர் ஏறிவந்து தம்மை வதைக்கிறார்கள் என்று நம்பினார். ஓய்வுபெற்று லண்டனுக்கு வந்தவர், 1872ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து ஓர் அதிகாலையில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜோர்ஜ் மெரட் என்ற தொழிலாளியைத் தம்மைத் தாக்க வந்தவன் என எண்ணிச் சுட்டுக்கொன்றார். மெரட்டுக்கு ஆறு பிள்ளைகள். ஏழாவது மனைவியின் வயிற்றில். சித்தசுவாதீனம் இன்மையால் குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பாகி, மைனர் புரோட்மூர் என்னும் குற்றஞ்சார் பைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய இலக்கம் 742.

அங்கே இருந்துகொண்டு, தம் ஓய்வூதியத்தில் வாங்கிய நூல்களைக் கரைத்துக் குடித்து, ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்கு ஆயிரக்கணக்கான மேற்கோள்களை எடுத்தனுப்பியவர் அவர். நாம் இன்று பயன்படுத்தும் அப்பேரகராதியில் மானிப்பாயிற் பிறந்தவரின் உழைப்பு கலந்திருக்கிறது. கொல்லப்பட்டவரின் மனைவி சிறிதுகாலம் அவரைச் சென்று பார்த்துப் புத்தகமும் கொடுத்துவந்தார் என்பது கற்பனைக்கும் எட்டாத உண்மை.

அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மறே, மைனரை ஒரு கனவான் என்று எண்ணிச் சந்திக்கச் சென்றதாகவும், பெரிய மாளிகையின் தலைவரையே மைனர் என நினைத்துக் கைகுலுக்கியதாகவும், அப்போதுதான் அவர் ஒரு நோயாளி என்று அறிந்து அதிர்ந்ததாகவும் ஓர் அழகிய கதை 1915ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகையில் வெளியாயிற்று. நெடுங்காலம் எல்லோரும் அதனை நம்பினார்கள். மறே எழுதிய கடிதமோ, சந்திப்பதற்கு முன்பே அமெரிக்க நூலகர் ஒருவர் வாயிலாக விஷயத்தை அவர் அறிந்திருந்தார் என்று காட்டுகிறது. மைனரின் கோவை இப்பொழுது பேர்க்ஷயர் மாவட்டக் காப்பகத்தில் இருக்கிறது. வைத்தியர் குறிப்புகளிலே அகராதிப் புலமைக்கு நிகராக, இரவுதோறும் அவர் பட்ட துன்பமும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து எழுதப்பட்டுள்ளது. 1910இல் அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார், 1920இல் இறந்தார். கதை சுவையானது. கோவையை வாசித்தபின் கதையைச் சொல்ல மனம் வராது.

ஆயினும் ஏட்டையும் அப்படியே வேதமாகக் கொள்ளல் ஆகாது. நோயாளியைப் பற்றி மற்றவர்கள் எழுதியதே அது. அவருடைய மறுமொழி அதில் அருமை. பழைய நோய்ப்பெயர்கள் இன்றைய பொருளில் வழங்கியவை அல்ல. 'பொதுப் பக்கவாதம்' என்று எழுதப்பட்டவர்கள், மேகநோய் மூளையைத் தாக்கியவர்கள். 1913இல்தான் அந்நோயாளரின் மூளையில் கிருமி நேரிற் காணப்பட்டது. காக்கைவலிப்பு ஒன்றைத் தவிர வேறு குறையில்லாதோர் ஆயுள் முழுவதும் வைக்கப்பட்டனர். பிள்ளைப்பேற்றின் பின் வரும் மனக்குழப்பத்தை நம்மவர் சன்னி என்றார்கள். அவர்கள் பிரசவ உன்மத்தம் என்றார்கள். அது பெரும்பாலும் குணமாவது. 'பரம்பரை' என்ற பத்தியிலே ஒரு குறி இருந்தால், பேரப்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது அது குறுக்கே நிற்குமோ என்று அஞ்சுவோர் இன்றும் இருக்கிறார்கள். எழுதுவினைஞர் ஒருவர், அரைகுறையாகக் கேட்ட ஒரு செய்தியைக் கொண்டு இட்ட குறி அது. அதைக் கொண்டு எந்த மருத்துவரும் இன்று எதனையும் தீர்மானிக்கமாட்டார்.

இனி நம் நாடு. 1847ஆம் ஆண்டிலே பொரளையில் ஒரு பைத்தியசாலை ஏற்பட்டது. 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என விசாரித்துத் தீர்மானிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு இருந்தது. பின்னர் கறுவாத்தோட்டத்துக்கும், 1926இல் அங்கொடைக்கும் மருத்துவமனை மாறியது. அந்த ஊர்ப்பெயரையே ஒரு வசைமொழியாக்கிவிட்டோம். என் பாடசாலை முற்றத்தில் மாணவர் அதனைச் சொல்லி ஒருவரையொருவர் ஏசக் கேட்கும்போது நான் நின்றுவிடுவதுண்டு. ஆண்டுதோறும் வெளிவந்த நிர்வாக அறிக்கைகளில் தொகை உண்டு, பெயர் இல்லை. வடக்கிலே போர்க்காலத்தில் அழிந்த பதிவேடுகள் பல. ஆனால் எஞ்சியிருக்கும் ஒரு வழியை நம்மவர் பெரும்பாலும் நினைப்பதில்லை. இறப்பு, பிறந்த ஊரில் அன்று, இறந்த இடத்திலேயே பதியப்படுவது. ஊர்ப் பதிவாளரிடம் தேடிப் பயனில்லை என்று கைவிட்டவர்கள், மருத்துவமனை அமைந்திருந்த பிரிவின் ஏட்டைத் தேடியிருக்கமாட்டார்கள்.

மாமாவுக்காக நான் தேடியது அவ்வாறுதான். தபாலட்டையின் ஆண்டு 1934 ஆதலால், அதிலிருந்து முன்னோக்கி ஆண்டாண்டாகத் தேடுவித்தேன். இரண்டு தடவை இல்லையென்று பதில் வந்தது. மூன்றாம் தடவை, பெயரை வேறுவிதமாக உச்சரித்தால் ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதலாம் என்று ஐந்தாறு வகையாக எழுதிக் கொடுத்தேன். அகப்பட்டது. இறந்த ஆண்டு 1944. பெயர் சிதைந்திருந்தது, வயது 'ஏறக்குறைய நாற்பது' என்றிருந்தது. தந்தையார் பெயருக்குரிய பத்தியில் மாத்திரம் என் பூட்டனாரின் பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தது. அதனை அவரேதான் சொல்லியிருக்கவேண்டும். மரண காரணம் நிமோனியாக் காய்ச்சல். காய்ச்சலில் இறந்தார் என்று வீட்டார் சொன்னது பொய்யன்று. பதினேழு ஆண்டு முந்திச் சொல்லிவிட்டார்கள்.

சான்றிதழை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மெல்ல வாசித்தார். தாம் பதினேழு வயதுப் பையனாய்ப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது தாயார் உயிரோடு இருந்தார் என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பாட்டனாரைக் குறைசொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. "தேதி இங்கிலீசிலை கிடக்கு. திதி என்ன எண்டு பாக்கவேணும்" என்றார். எங்கள் கோயில் ஐயர் வீட்டுப் பரணில் பழைய பஞ்சாங்கக் கட்டு ஒன்று இருந்தது. செல்லரித்த தாள்களினிடையே தாரண வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடியெடுத்து, விளக்கடியில் வைத்து மூவருமாகப் பார்த்தோம்.

அடுத்த ஆண்டு அந்தத் திதியில் முதல் திவசம் நடந்தது. தாயாரின் பெயரை ஐயர் கேட்டபோது மாமா இரண்டுமுறை உரக்கச் சொன்னார். அவ்வீட்டில் அப்பெயர் உரக்கச் சொல்லப்பட்டதை நான் கேட்டது அன்றுதான். அதன்பின் எட்டு ஆண்டு அவர் அந்த நாளைத் தவறவிடவில்லை. இப்பொழுது அவருடைய மகன் செய்துவருகிறார்.